கடைசி பேப்பர் முடிந்த பிறகும் பள்ளிக்கூடம் போக வேண்டுமா?

கேள்வி:

வணக்கம். நாங்கள் லண்டன் ஹரோவில் இருக்கிறோம். மூத்த மகள் இயர் 11. இந்த வருடம் (2025) ஜீசிஎஸ்இ பொதுச் சோதனை எழுதுகிறாள். அவளுடைய கடைசி பேப்பர் ஜூன் 16. ஜூன் 18 யாழ்ப்பாணம் போக யோசித்திருக்கிறோம். ஜூலை 4 என் தங்கையின் மகளுக்குக் கல்யாணம். அப்படியே நல்லூர் முருகன் கோயில் தேரும் பார்த்துவிட்டு ஆகஸ்ட் 26 திரும்பலாம் என்று திட்டம். ஜூலை கடைசியில் டிக்கெட் விலை ஏறிவிடும், அதுவும் ஒரு காரணம். இப்போது பள்ளியிலிருந்து ஒரு மின்னஞ்சல். ஜூன் 27 வரை இயர் 11 பிள்ளைகளின் பெயர் இடாப்பில் இருக்கும், சோதனை முடிந்தவர்களுக்கு சில நாட்கள் சிக்ஸ்த் ஃபார்ம் (ஏ லெவல் படிக்கும் அடுத்த இரண்டு வருட வகுப்பு) அறிமுக வகுப்பு நடக்கும், வர வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். மகளோ "எல்லாம் முடிந்துவிட்டது, ஒருவரும் போக மாட்டார்கள்" என்கிறாள். அவளுக்கு நவம்பரிலேயே 16 ஆகிவிட்டது, இனிச் சட்டம் பிடிக்காது என்று என் நண்பி சொல்கிறார். உண்மையா? சோதனை முடிந்த பிள்ளை பள்ளிக்குப் போகாவிட்டால் ஃபைன் வருமா? தம்பியும் (இயர் 8) எங்களோடு வருகிறான். கணவர் ஆகஸ்டில்தான் வந்து சேருவார்.

– ஒரு தாய், ஹரோ

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்வி முழுக்க மகளைப் பற்றியது. மகனைப் பற்றிக் கடைசியில் ஒரே ஒரு வரி. நான் லண்டனில் ஒரு கவுன்சிலின் பள்ளி வருகைப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன். அந்தக் கண்ணோடு படித்தபோது அந்த ஒரு வரியில்தான் நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு வருகிறேன். கேட்டதற்கு முதலில் பதில்.

நண்பி சொன்னது பிழை. இங்கிலாந்தில் கட்டாயப் பள்ளி வயது 16ஆவது பிறந்தநாளோடு முடிவதில்லை. பிள்ளைக்கு எந்தக் கல்வியாண்டில் 16 ஆகிறதோ, அந்த ஆண்டின் ஜூன் மாதக் கடைசி வெள்ளியோடுதான் முடிகிறது. இந்த ஆண்டு அது ஜூன் 27. உங்கள் மகள் நவம்பரில் பிறந்தவள். அவள் வகுப்பிலேயே ஆகஸ்ட் 30 பிறந்த பிள்ளை ஒன்று இருந்தால், அந்தப் பிள்ளை 15 வயதிலேயே ஜூன் 27 அன்று கட்டாயப் பள்ளி வயதைக் கடந்துவிடும். அதாவது பிறந்தநாள் எப்போது வந்தாலும் வகுப்பு முழுவதற்கும் ஒரே நாள்தான்.

முன்பு இப்படி இருக்கவில்லை. பள்ளியை விடும் வயது 1972இல் 15இலிருந்து 16 ஆனது. அதற்குப் பிறகும் வருடத்துக்கு இரண்டு விடுகை நாட்கள் இருந்தன. செப்டெம்பர் முதல் ஜனவரி வரை பிறந்தவர்கள் ஈஸ்டரோடு போகலாம். மற்றவர்கள் மே கடைசியில். அந்தக் கணக்கில் உங்கள் மகள் ஒரு சோதனைகூட எழுதாமல் ஈஸ்டரோடு போயிருக்கலாம்! அப்படிப் போனவர்கள் நிறையப் பேர். 1998இலிருந்துதான் எல்லோருக்கும் ஒரே நாள், ஜூன் கடைசி வெள்ளி என்று ஆனது. சோதனைக் காலம் முடிந்த பிறகு வரும் ஒரு நாளை வேண்டுமென்றே எடுத்துக்கொண்டார்கள். உங்கள் தலையிடிக்கு மூலம் அதுதான்: சோதனை ஒரு நாளில் முடிகிறது, பள்ளி வேறொரு நாளில் முடிகிறது.

சரி, இடையில் கிடக்கும் அந்த நாட்களுக்கு என்ன கணக்கு?

பலரும் "ஸ்டடி லீவு இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. ஆனால் அது இயர் 11 பிள்ளைகள் பொதுச் சோதனை நடக்கும் காலத்தில் வீட்டில் இருந்து படிப்பதற்குப் பள்ளி கொடுக்கும் அனுமதி. அதையும் எல்லோருக்கும் தானாகக் கொடுத்துவிடக் கூடாது, அளவாகத்தான் கொடுக்க வேண்டும், பள்ளிக்கு வந்து படிக்க விரும்பும் பிள்ளைக்கு இடம் இருக்க வேண்டும் என்று கல்வித் திணைக்களம் சொல்கிறது. பெயரைப் பாருங்கள், படிப்பதற்கான லீவு. ஜூன் 16 மத்தியானம் கடைசி பேப்பரைக் கொடுத்துவிட்டு வெளியே வந்த பிள்ளைக்குப் படிக்க ஒன்றும் மிச்சமில்லை. எனவே ஜூன் 17 முதல் 27 வரை உள்ள ஒன்பது பள்ளி நாட்களை "ஸ்டடி லீவு" என்று நீங்களாகவே எடுத்துக்கொள்ள முடியாது.

நடைமுறை வேறு மாதிரி. சில பள்ளிகளில் கடைசி சோதனை அன்றே பிள்ளைகள் சேர்ட்டில் ஒருவருக்கொருவர் கையெழுத்துப் போட்டு, கட்டிப்பிடித்து அழுது, வீட்டுக்குப் போய்விடுவார்கள். திரும்பி வா என்று ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். ஆசிரியர்களுக்கும் அது ஒரு மூச்சு விடும் நேரம். வேறு சில பள்ளிகள், முக்கியமாகச் சொந்தமாக சிக்ஸ்த் ஃபார்ம் உள்ளவை, ஏ லெவல் அறிமுக வகுப்பு, வேலை அனுபவம், ஒன்றிரண்டு நாள் பயணம் என்று ஏதாவது வைத்து ஜூன் 27 வரை இழுத்துப் பிடிப்பார்கள். உங்களுடையது இரண்டாவது வகை. மகள் "ஒருவரும் போக மாட்டார்கள்" என்பது பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னதாக இருக்கலாம். என் வீட்டிலும் இந்த வசனம் வருடக்கணக்காக ஒலித்தது. அந்த "ஒருவரும்" என்பதைத் தட்டிப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு சிநேகிதிகள்தான் இருப்பார்கள்.

சட்டம் இந்த இடத்தில் என்ன சொல்கிறது என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். 2015 ஏப்ரலில் ஐல் ஆஃப் வைட் தீவில் ஒரு தந்தை, பள்ளி மறுத்தும் கேளாமல், மகளை ஏழு பள்ளி நாட்கள் ஃபுளோரிடாவுக்கு விடுமுறைக்குக் கூட்டிப்போனார். ஃபைன் வந்தது. கட்ட மறுத்தார். மகளின் வருகை மொத்தத்தில் 90 வீதத்துக்கு மேல் இருக்கிறது, எனவே அவள் "ஒழுங்காக" பள்ளிக்குப் போகிறவள்தான் என்பது அவர் வாதம். கீழ் நீதிமன்றங்கள் அதை ஏற்றன. 2017 ஏப்ரல் 6ஆம் திகதி உச்ச நீதிமன்றம் தலைகீழாக்கியது. "ஒழுங்காக" என்றால் "அடிக்கடி" என்று பொருள் இல்லை, பள்ளி வகுத்த விதிப்படி என்றுதான் பொருள் என்று தீர்ப்பு.

பெற்றோர் பலருக்கு அந்தத் தீர்ப்பு கசப்பு. எனக்கும் அது கொஞ்சம் கடுமையாகவே பட்டது. ஆனால் உங்கள் மகளுடைய விஷயத்தில் அந்தத் தீர்ப்பு உங்களுக்கு ஒரு கதவைத் திறந்தும் வைத்திருக்கிறது. அளவுகோல் பள்ளியின் விதி என்றால், பள்ளி "கடைசி பேப்பருக்குப் பிறகு வர வேண்டாம்" என்று சொன்ன பிள்ளை வராமல் இருப்பது குற்றம் ஆகாது. பள்ளியின் அனுமதியோடு வராமல் இருப்பது வருகைக் குறைவாக எண்ணப்படாது என்பது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திலேயே இருக்கிறது. மறுபக்கம், பள்ளி "வா" என்று சொன்ன நாளில் வராமல் இருந்தால், சோதனை முடிந்துவிட்டது என்பது ஒரு பதில் ஆகாது. ஆக எல்லாம் தங்கி நிற்பது பள்ளி என்ன சொல்கிறது என்பதில். உங்கள் பள்ளி மின்னஞ்சலில் சொல்லிவிட்டது, வர வேண்டும் என்று.

அதனால் ஃபைன் வருமா? ஒரு பிள்ளை பத்துப் பள்ளி வாரங்களுக்குள் பத்து செஷன் அனுமதியில்லாமல் வராவிட்டால், ஃபைன் போடலாமா என்று பரிசீலிக்க வேண்டும் என்பது 2024 ஆகஸ்டிலிருந்து இங்கிலாந்து முழுவதற்கும் உள்ள விதி. காலை ஒன்று, மாலை ஒன்று என ஒரு நாளுக்கு இரண்டு செஷன். ஐந்து நாள் போதும், பத்து செஷன் ஆகிவிடும். ஜூன் 18 முதல் 27 வரை எட்டு நாள். காகிதத்தில் கணக்கு எல்லையைத் தாண்டிவிட்டது. நான் வேலையில் இருந்த காலத்தில், சோதனை முழுதும் எழுதி முடித்த இயர் 11 பிள்ளைக்காகப் பள்ளிகள் எங்களிடம் வந்தது மிக அரிது. இன்னும் எட்டு நாளில் போகப்போகிற பிள்ளை அது. அதற்காக ஒருவரும் கோப்புத் திறக்க விரும்ப மாட்டார்கள். ஆனால் அரிது என்பதை வைத்து நான் உங்களுக்கு "பயமில்லை, போங்கள்" என்று எழுத மாட்டேன். கேட்டு அனுமதி வாங்குவது ஒரு மின்னஞ்சல் வேலை.

மகளுக்கு ஃபைனைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருக்கிறது. அதைப் பெற்றோர் கவனிப்பதே இல்லை. ஜூன் 25, புதன்கிழமை. சோதனை நடத்தும் சபைகள் எல்லாம் சேர்ந்து இந்த ஆண்டு ஒதுக்கி வைத்திருக்கும் மாற்று நாள் அது. நாட்டையோ ஒரு பெரிய பகுதியையோ பாதிக்கும் ஏதாவது நடந்து ஒரு பேப்பரை நடத்த முடியாமல் போனால், அந்த நாளில் வைப்பார்கள். மகளுடைய கடைசி பேப்பர் ஜூன் 16 என்றாலும், 25 வரை அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. அப்படி ஒரு சோதனை தள்ளிப்போய், பிள்ளை யாழ்ப்பாணத்தில் நின்றால், விடுமுறையில் போனது என்பது சலுகைக்கான காரணமாக எடுக்கப்படாது. நடக்க வாய்ப்பு மிகவும் குறைவுதான். ஆனால் இரண்டு வருடம் படித்த கணிதத்தை, விமான டிக்கெட்டில் மிச்சம் பிடிக்கும் காசுக்குப் பணயம் வைப்பது எனக்கு மனம் ஒப்பவில்லை.

இப்போது மகன்.

நான் கவுன்சிலில் இருந்த காலத்தில் ஜூன், ஜூலையில் தட்டிய கதவுகளில் பெரும்பாலானவை தம்பி தங்கைகளுக்காகத் தட்டியவை. மூத்த பிள்ளைக்குச் சோதனை முடிந்ததும் வீடு முழுவதும் விடுமுறை மனநிலைக்கு வந்துவிடும். மூத்தது வீட்டில் நித்திரை கொள்ளும்போது இளையதைக் காலையில் எழுப்பி அனுப்புவதே பெரும்பாடு. அப்புறம் டிக்கெட் மலிவாகக் கிடைக்கும். நாலு பேரும் போய்விடுவார்கள். கேட்டால், "அக்காவுக்கு முடிஞ்சுது தானே?" என்பார்கள். அக்காவுக்கு முடிந்தது. தம்பிக்கு முடியவில்லை.

உங்கள் மகன் இயர் 8. உங்கள் பகுதிப் பள்ளிகளின் கோடை விடுமுறை ஜூலை 22 வாக்கில் தொடங்கும். ஜூன் 18 போனால் அவனுக்கு ஏறக்குறைய 25 பள்ளி நாள் போகும். ஐம்பது செஷன். எல்லையைப்போல் ஐந்து மடங்கு. இது எந்தப் பள்ளியும் கண்ணை மூடிக்கொள்ளும் அளவு இல்லை. ஃபைன் ஒரு பெற்றோருக்கு, ஒரு பிள்ளைக்கு 160 பவுண்ட். 21 நாளுக்குள் கட்டினால் 80. தாய், தகப்பன் இருவருக்கும் தனித்தனியாக வரலாம். கணவர் லண்டனில் வேலையில் நின்றாலும், பயணத்துக்குச் சம்மதித்தவர் என்ற வகையில் அவருக்கும் வரலாம். மூன்று வருடத்துக்குள் அதே பிள்ளைக்கு இரண்டாம் முறை என்றால் 80 பவுண்ட் சலுகை இல்லை, நேராக 160. மூன்றாம் முறை ஃபைனே கிடையாது, நீதிமன்றம் உட்பட வேறு வழிகளைத்தான் பார்ப்பார்கள். அங்கே 1,000 பவுண்ட் வரை தண்டம். தெரிந்துகொண்டே செய்ததாக வழக்குப் போட்டால் 2,500 வரை, மூன்று மாதம் வரை சிறையும் சட்டத்தில் இருக்கிறது. இவ்வளவு நீண்ட இடைவெளி என்றால் கவுன்சில் முதல் முறையே ஃபைனைத் தாண்டி நேராக வழக்குக்குப் போகவும் முடியும்.

இதையும் சேர்த்துச் சொல்கிறேன், பத்து செஷன் என்ற எல்லையைப் பார்த்துவிட்டு "ஒன்பது வரை சும்மா" என்று எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு சலுகை கிடையாது. பத்து என்பது பள்ளி கட்டாயம் பார்க்க வேண்டிய இடம், அவ்வளவுதான்.

இன்னொன்று. தொடர்ந்து இருபது பள்ளி நாள் அனுமதியில்லாமல் வராத பிள்ளையைப் பற்றிப் பள்ளியும் கவுன்சிலும் விசாரித்து, சில நிலைமைகளில் பெயரை இடாப்பிலிருந்து எடுத்துவிட வழி இருக்கிறது. எல்லா இடத்திலும் நடக்காது. ஆனால் இடம் கிடைக்க வரிசையில் நிற்கும் பள்ளி என்றால், செப்டெம்பரில் மகனுக்கு வேறு பள்ளி தேடும் நிலைமை உங்களுக்கு வேண்டாம்.

"சுகமில்லை என்று சொல்லிவிடுங்கோ" என்று யாராவது யோசனை சொல்லியிருப்பார்கள். சொல்லாமல் இருக்க மாட்டார்கள். நான் ஒரு தாய்க்கு ஒருமுறை காலை பத்து மணிக்குத் தொலைபேசி எடுத்தேன். முதலில் மணியே வித்தியாசமாக அடித்தது. எடுத்தவர் மகனுக்குக் கடும் காய்ச்சல், படுக்கையில் என்றார். பின்னால் கோயில் ஒலிபெருக்கியில் நாதஸ்வரம், அதற்கு மேலே ஒரு சேவல். லண்டனில் காலை பத்து என்றால் அங்கே பிற்பகல் இரண்டரை. யாழ்ப்பாணத்துச் சேவல்கள் நேரம் பார்த்துக் கூவுவதில்லை என்பது எனக்குத் தெரியும், அங்கே பிறந்தவன்தானே. தமிழில் "அம்மா, எந்தக் கோயில்?" என்று கேட்டேன். மறுமுனையில் சத்தமே இல்லை. அந்தத் தாயை எனக்கு நன்றாகப் புரிந்தது. பத்து வருடத்துக்குப் பிறகு ஊருக்குப் போயிருந்தார். ஆனால் பொய் சொல்லிவிட்ட பிறகு என்னால் அவருக்காகப் பேச முடியவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் கொஞ்சம் பேசியிருக்கலாம்.

கல்யாணத்துக்காக மகனுக்கு லீவு கேட்கலாமா? கேட்கலாம். விசேட சூழ்நிலை இருந்தால்தான் தலைமை ஆசிரியர் லீவு கொடுக்க முடியும். குடும்ப விடுமுறைக்கு லீவு கொடுக்கும் பழக்கம் 2013 செப்டெம்பரோடு அநேகமாக முடிந்துவிட்டது. நெருங்கிய உறவில் கல்யாணம் என்றால் சிலர் ஓரிரு நாள் கொடுப்பார்கள், சிலர் கொடுக்க மாட்டார்கள். ஐந்து வாரம் ஒருவரும் கொடுக்க மாட்டார். ஓரிரு நாளுக்காக மகனை யாழ்ப்பாணம் கூட்டிப்போய் வருவது டிக்கெட் காசுக்கே கட்டாது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். நீங்களும் மகளும் ஜூன் 28, சனிக்கிழமை புறப்படுங்கள். அப்போது இங்கே கோடை விடுமுறை தொடங்கியிருக்காது, விலையும் ஜூலைக் கடைசி போல இராது. ஜூலை 4 கல்யாணத்துக்கு நேரம் தாராளம். பெண் வீட்டு வேலைக்கு ஒரு வாரம் முன்னால் போய் நிற்பதே போதும், அதற்கு மேல் நின்றால் தங்கையோடு சண்டைதான் வரும். மகன் தகப்பனோடு லண்டனில் நிற்கட்டும். கணவர் ஆகஸ்டில் வருவதாக இருந்த டிக்கெட்டை ஜூலை 23க்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் ஆகஸ்டிலேயே இருவரும் சேர்ந்து வரட்டும். சில வாரம் அப்பாவும் மகனும் சமைத்துச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. கணவருக்கு இரவு வேலை என்றால் நிலைமை வேறு, 12 வயதுப் பிள்ளையை இரவில் தனியே விடக் கூடாது. அப்படியென்றால் சகோதரர், சித்தி என்று பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால் உங்களில் ஒருவர்தான் நிற்க வேண்டியிருக்கும். மகளை அம்மம்மாவிடம் தனியாக அனுப்பலாம். பதினாறு வயதுப் பயணிக்கு விமான நிறுவனம் என்ன கேட்கிறது என்று டிக்கெட் எடுக்க முன்னரே விசாரியுங்கள்.

திரும்பி வரும் நாளையும் பார்க்க வேண்டும். ஜீசிஎஸ்இ ரிசல்ட் ஆகஸ்ட் 21, வியாழக்கிழமை. இந்த வருடம் நல்லூர்த் தேர் வாரமும் அதே வாரம்தான், ஆவணி அமாவாசையை ஒட்டி வருகிறது. ரிசல்ட்டை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லலாம், அல்லது மகள் கையெழுத்திட்ட கடிதத்தோடு வேறொருவர் போய் வாங்கலாம், பள்ளியிடம் முன்கூட்டியே கேட்டால் சரி. சிக்கல் சிக்ஸ்த் ஃபார்ம் பதிவில். பல இடங்களில் ரிசல்ட் வந்த அன்றோ மறுநாளோ பிள்ளை நேரில் வந்து பதிய வேண்டும். ரிசல்ட் எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால் அந்த இரண்டு மூன்று நாளில்தான் வேறு பாடத்துக்கும் வேறு கல்லூரிக்கும் அலைய வேண்டியிருக்கும். நீங்கள் நல்லூர் வீதியில் நின்றுகொண்டு வாட்ஸ்அப்பில் அந்த அலைச்சலைச் செய்ய முடியாது. மகள் சேரப்போகும் சிக்ஸ்த் ஃபார்மிடம் "பதிவு எப்போது, நேரில் வரத்தான் வேண்டுமா" என்று இப்போதே கேளுங்கள். நேரில் என்றால், தேரை இந்த முறை முருகனிடம் சொல்லிவிட்டு வாருங்கள். அவருக்கும் படிப்பின் அருமை தெரியும், தகப்பனுக்கே பாடம் சொன்னவர்.

மகள் சிக்ஸ்த் ஃபார்ம் வேண்டாம், படிப்பே வேண்டாம் என்றால் என்று சிலர் கேட்பதுண்டு. இங்கிலாந்தில் 2015 முதல் 18 வயது வரை ஏதாவது ஒரு கல்வியிலோ பயிற்சியிலோ இருக்க வேண்டும் என்று இருக்கிறது: முழுநேரப் படிப்பு, அப்ரென்டிஸ்ஷிப் (வேலை செய்துகொண்டே பயிற்சி), அல்லது வாரம் 20 மணி நேரமோ அதற்கு மேலோ வேலையோடு பகுதிநேரப் படிப்பு. இதை மீறினால் பெற்றோருக்கு ஃபைன் போடும் நடைமுறை இல்லை, பள்ளி வருகை போன்றது இல்லை இது. வேல்ஸிலும் ஸ்கொட்லாந்திலும் இந்த 18 விதி கிடையாது. ஸ்கொட்லாந்தில் பள்ளியை விடும் நாள்கூட வேறு. உறவினர் கிளாஸ்கோவிலிருந்து ஆலோசனை சொன்னால் அது உங்களுக்குப் பொருந்தாது.

காசு விஷயமும் ஒன்று. பிள்ளைகளுக்காக அரசு தரும் சைல்ட் பெனிஃபிட் வாங்குகிறீர்கள் என்றால், நீங்கள் தற்காலிகமாக நாட்டுக்கு வெளியே நிற்கும்போது முதல் 8 வாரத்துக்குத்தான் அது தொடரும். நோய் அல்லது மரணம் போன்ற காரணம் என்றால் 12 வாரம். ஜூன் 18 முதல் ஆகஸ்ட் 26 வரை என்றால் கிட்டத்தட்டப் பத்து வாரம், எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். நான் சொன்ன ஜூன் 28 திட்டத்திலும் ஆகஸ்ட் 23ஐத் தாண்டினால் எட்டு வாரத்துக்கு மேல் போய்விடும், அறிவிக்க வேண்டும். வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் யூனிவர்சல் கிரெடிட் என்றால் இன்னும் இறுக்கம், பொதுவாக ஒரு மாதம்தான். மகளுக்கு 16 முடிந்ததால் அவள் படிப்பைத் தொடர்கிறாளா என்று கேட்டு ஒரு கடிதம் வரும். ஆகஸ்ட் 31க்குள் பதில் சொல்லாவிட்டால் அவளுக்குரிய வாரம் 26.05 பவுண்ட் (2025-26 கணக்கு) நின்றுவிடும். அந்தக் கடிதம் நீங்கள் ஊரில் நிற்கும்போது வீட்டுக் கதவுக்குள் விழுந்து கிடக்கும். கணவரிடம் சொல்லி வையுங்கள்.

இதே வாரம் ஈஸ்ட் ஹாமிலிருந்து இன்னொருவர் கேட்டிருக்கிறார், சோதனை முடித்த மகனை ஜூன் 17இலிருந்தே தன் கடையில் வேலைக்கு வைக்கலாமா என்று. ஜூன் 27 வரை அவன் சட்டப்படி பள்ளிப் பிள்ளை. பள்ளி நேரத்தில் வேலை கூடாது, மற்ற நேரத்துக்கும் மணிக்கணக்கு உண்டு, கவுன்சிலின் அனுமதிப் பத்திரம் வேண்டும். சொந்தக் கடை, சம்பளம் இல்லை என்றாலும் அதேதான். பத்து நாள் பொறுங்கள். ஏ லெவல் முடித்த பிள்ளைகளுக்கு இந்தச் சட்டமெல்லாம் இல்லை, அவர்கள் கட்டாய வயதைக் கடந்தவர்கள். ஆனால் ஜூன் 25 மாற்று நாள் அவர்களுக்கும் உண்டு.

பள்ளிக்கு என்ன எழுதுவது என்று யோசிப்பீர்கள். நீளமாக வேண்டாம். மகளின் பெயர், வகுப்பு. கடைசி பேப்பர் ஜூன் 16. அதற்குப் பிறகு ஜூன் 27 வரை எந்தெந்த நாட்களில் வர வேண்டும், எந்த நாட்களில் வரத் தேவையில்லை, வராத நாட்களை இடாப்பில் எப்படிக் குறிப்பீர்கள் என்று கேளுங்கள். அனுமதித்த லீவு என்று குறிப்பதாக எழுத்தில் பதில் வந்தால், மகள் அந்த நாட்களில் நிம்மதியாக வீட்டில் நித்திரை கொள்ளலாம். வகுப்பாசிரியை வாசலில் வாயால் "பரவாயில்லை" என்று சொன்னதைக் கணக்கில் எடுக்காதீர்கள், இடாப்பை எழுதுவது அவர் இல்லை. எப்படியும் அறிமுக வகுப்பு மூன்று நாளோ நாலு நாளோதான் இருக்கும் என்பது என் ஊகம். போய்ப் பார்ப்பதில் அவளுக்கு நட்டமில்லை. கெமிஸ்ட்ரி எடுக்கப் போகிறேன் என்று சொன்ன பிள்ளை, அந்த மூன்றாம் நாளில் மனம் மாறி வேறு பாடத்துக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். செப்டெம்பரில் மாறுவதைவிட ஜூனில் மாறுவது எவ்வளவோ சுலபம்.

டிக்கெட் எடுக்க முன்னர் இன்னொன்று. பள்ளியின் பிராம் விருந்து (இயர் 11 பிள்ளைகளின் பிரியாவிடை விருந்து) என்றைக்கு என்று மகளைக் கேட்டீர்களா? பல பள்ளிகளில் அது ஜூன் கடைசியிலோ ஜூலை முதல் வாரத்திலோதான் இருக்கும். வருகை குறைந்த பிள்ளைகளுக்கு அதற்கு நுழைவுச் சீட்டுக் கொடுக்காத பள்ளிகளும் உண்டு. உங்கள் கடிதத்தில் மகள் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று சொன்னதாக இருக்கிறது. ஜூன் 18 ஊருக்குப் போகிறேன் என்று அவள் சொன்னதாக எங்கும் இல்லை.

அன்புடன்.